கைத் தடிப்பும் மதினியும்

எங்க மதினிகிட்ட ஒரு காரியத்துக்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்லிட்டு யாரும் தப்பிச்சுப் போயிர முடியாது. பால் திரைஞ்சுட்டு, பால்காரன் பழைய பாலைக் கலந்துட்டான்னு அம்மா சொல்லி வாயை மூடுமுன்ன மதினி அடுப்படியில வந்து நிப்பா. சட்டியில புளி ஒட்டியிருந்துச்சா, மூடாம வச்சியளா, உப்புக் கை பட்டுச்சான்னு கேட்டுக்கிட்டே சட்டியைத் தூக்கி மோந்து பாப்பா. அம்மாவுக்கு எரிச்சல் பொத்துக்கிட்டு வரும். காரணம் தெரிஞ்சா மட்டும் திரைஞ்சது திரும்பப் பாலா ஆயிருமோன்னு கத்துவா. மதினி அசைய மாட்டா. பாவம் அத்தை அவன், வேற காரணமும் இருக்கும்லான்னு மெதுவாச் சொல்லிட்டு முந்தானை நுனியைத் திருகிக்கிட்டு நிப்பா.

மதினின்னா எங்க அண்ணன் பெண்டாட்டி. சாத்தான்குளத்துப் பக்கம் பிறந்து வளந்தவ. நல்ல உயரம், ஒல்லி, நடந்தா சத்தமே கேக்காது. தூத்துக்குடியில கடலுக்குக் கிட்டத்துல எங்க வளவு. நாலஞ்சு குடித்தனம், நடுவுல ஒரு உப்புக்கிணறு. அண்ணன் கருப்பட்டியை மொத்தமா வாங்கித் தோணியில கொழும்புக்கு ஏத்துவான். மதினி வந்த புதுசுல கடலைப் பாத்துட்டு, தண்ணி ஏன் கிழக்க ஒரு நிறமாவும் கரையில ஒரு நிறமாவும் இருக்குன்னு அண்ணனைக் கேட்டாளாம். அதெல்லாம் அப்படித்தான்னு சொல்லியிருக்கான். அந்தப் பதில் அவளுக்குப் போதலை. மறுநாள் மீன் கொண்டுவந்தவகிட்டக் கேட்டா, அதுக்கடுத்த நாள் கிணத்தடியில கேட்டா.

சண்டைக் காலத்துல ஒருதரம் கொழும்புக்குப் போன தோணி திரும்பி வரலை. கடலுக்குள்ள ஜப்பான்காரன் கப்பல் நிக்குன்னு ஊரெல்லாம் பேச்சு. அண்ணன் சோறு திங்காம முகட்டைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தான். அம்மா அழ ஆரம்பிச்சுட்டா. மதினி மட்டும் காத்து எதுத்திருக்கும், பாய் கிழிஞ்சிருக்கும், தண்டலுக்குக் காய்ச்சலா இருக்கும், கொழும்புல சரக்கு இறக்க ஆள் கிடைச்சிருக்காதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே அவனுக்கு விசிறிக்கிட்டிருந்தா. கடைசியில தோணி பத்திரமா வந்து சேர்ந்துட்டு. தோணியை ஓட்டுற தண்டல் பெரியதாழைக்காரர். கொழுந்தியா கல்யாணம்னு தோணியை அங்கன ஒதுக்கிட்டு விருந்து சாப்பிட்டுட்டு சாவகாசமா வந்திருக்கார். அண்ணன் அவரை அடிக்கப் போயிட்டான். மதினி வாயெல்லாம் சிரிப்பு. அவ சொன்னதுல ஒண்ணுகூட இல்லைதான், ஆனா எல்லாரும் பயந்ததும் இல்லைல்லா.

அது அப்படித்தான். அவ சொல்லுத காரணத்துல எதுவும் பலிச்சதா எனக்கு ஞாபகம் இல்லை. பலிக்கணும்னு அவளும் நினைக்கலை. முதல்ல சொன்னவங்க வாயை அடைச்சாப் போதும் அவளுக்கு.

இன்னொண்ணு கேளுங்க. அடுத்த குடித்தனத்துப் பொண்ணை ஆத்துப் பக்கம் ஒரு வயக்காட்டு ஊர்ல கெட்டிக் குடுத்திருந்தாவ. ஒருநாள் அது தனியா வந்து இறங்கிட்டு. புருசன் விரட்டிட்டான்னு வளவே முடிவு கெட்டிட்டு. அந்தப் பிள்ளை தாய் வெளிய தலைகாட்டலை. எங்க மதினி நேராப் போயி, ஏளா என்னத்துக்கு வந்தன்னு முகத்துக்கு நேராக் கேட்டுட்டா. அது வெக்கப்பட்டுக்கிட்டே சொல்லுது, உண்டாயிருக்கேன் மதினி, ஆத்துமீன் சேறு நாறுது, சாளைமீன் குழம்பு திங்கணும்போல இருந்துச்சு, வந்துட்டேன்னு. அன்னைக்கு மதினிதான் சாளை வாங்கிக் குழம்பு வச்சுக் குடுத்தா. அந்தப் பிள்ளை சட்டியை வழிச்சுத் தின்னுச்சு.

இப்படி எல்லாத்தையும் துருவுறவ ஒரு விசயத்துல மட்டும் வாயைத் திறக்க மாட்டா. அவளுக்குக் கல்யாணம் ஆகி ரொம்ப வருசமாப் பிள்ளை இல்லை. அதுக்கு வளவும் சொந்தமும் அம்மாவும் சேந்து ஒரே காரணம்தான் சொன்னாவ. அது அவதான். அண்ணனை ஒரு வைத்தியர்கிட்டயும் கூட்டிப்போனது கிடையாது. மலடின்னு காதுபடவே சொல்லுவாளுக. மதினி குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிருவா.

நான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தது சண்டை முடியுற சமயம். ஆம்பிளைப் பிள்ளை. எனக்குப் பிரசவம் பாத்ததுல பாதி மதினிதான். வெந்நி வச்சா, மருந்து இடிச்சா, பிள்ளைத் துணியெல்லாம் அலசிப் போட்டா. ஆனா பிள்ளையை மட்டும் தொட மாட்டா. நான் நீட்டுனாலும் கையில ஈரம்ளா, அடுப்புல உலை கொதிக்குளான்னு நழுவிருவா. பிள்ளை முகத்தை நேராப் பாக்கக்கூட மாட்டா, எங்கயோ பாத்துக்கிட்டுத்தான் அவனோட பேசுவா. பொறாமை, வேற என்னன்னு அம்மா என் காதுல சொன்னா. எனக்கும் வருத்தம்தான். என் பிள்ளையைக் கொஞ்சுனா இவளுக்கு என்ன கெட்டுப்போவும்னு உள்ளுக்குள்ள குமைஞ்சுக்கிட்டுக் கிடந்தேன்.

பிள்ளையைத் தொட்டில்ல போட்ட கொஞ்ச நாள்ல என் இடது கையில, முழங்கை மடிப்புக்குக் கீழ, சிவப்பா ஒரு தடிப்பு வந்துச்சு. கொசு கடிச்சிருக்கும்னு விட்டுட்டேன். அது உள்ளங்கை அகலத்துக்குப் பெருத்துட்டு. தொட்டுப் பாத்தா தோல் கெட்டியா, கருப்பட்டிச் சில்லு மாதிரி இருந்துச்சு. ஒருநாள் எண்ணெய் தேய்க்கும்போது அம்மா அதைப் பாத்துட்டா. கிண்ணத்தைக் கீழ வச்சா, எந்திரிச்சுப் போயிக் கதவைச் சாத்துனா. அவ முகத்தைப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுட்டு.

எங்க தெருக் கடைசியில ஒருத்தருக்கு இப்படித்தான் சிவப்பாத் தொடங்குச்சு. பெருவியாதி, அதான் குட்டம்னு சொல்லி வண்டியில ஏத்திக் கொண்டுபோனாவ. அதுக்கப்புறம் அந்த வீட்டுல யாரும் பொண்ணு எடுக்கலை, பொண்ணு குடுக்கலை. அம்மா அந்த வியாதி பேரைச் சொல்லவே இல்லை. பிள்ளையைத் தொடாத ஏளா, அவனாவது நல்லா இருக்கட்டும்னு மட்டும் சொன்னா. அன்னைக்கே என் பாயைப் பின்கட்டு அறைக்கு மாத்திட்டா.

பெத்தவளைப் பிள்ளையை விட்டுப் பிரிச்சுவச்சா எப்படி இருக்கும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா. முன்கட்டுல அவன் அழுவான். எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைஞ்சுபோவும். அங்கன அம்மா சங்குல மாட்டுப்பாலை ஊத்தி அவன் வாயில விடுவா. அவன் திமிறுற சத்தம் கேக்கும். நான் வாயில துணியை வச்சுக்கிட்டு அழுவேன்.

அந்த அறைக்குள்ள வந்துபோனது மதினி ஒருத்திதான். வந்ததும் என் கையைப் பிடிச்சுத் தூக்கி வெளிச்சத்துல வச்சுப் பாப்பா. எல்லாரும் பாத்துத் தூர நின்ன கையை அவ மூக்குப் பக்கத்துல கொண்டுபோயி மோந்து பாத்தா. அவளுக்கு வியாதி பயமே இல்லை. சிலந்தி ஓடியிருக்கும்னா முதல்ல. குப்பைமேனியையும் உப்பையும் அரைச்சுத் தேய்ச்சா, எரிஞ்சு உயிர் போச்சு. அப்புறம் படர்தாமரைன்னா. அது இல்லைன்னதும், நீ தின்ன கருவாடுன்னா. கருவாட்டை நிறுத்துனேன். கிணத்து உப்புத்தண்ணின்னா, எங்கேயோ போயி நல்லதண்ணி ஒரு குடம் கொண்டுவந்து என் கையை மட்டும் கழுவுனா. சண்டைக்காலத்துச் சாயம் சரியில்லைன்னு என் சேலையை மாத்துனா. வளைகாப்பு வளையல், வேனல் கட்டி, எறும்பு, எதையும் விடலை. எனக்கு ஒண்ணும் நம்பிக்கை இல்லை. ஆனா அவ வர்ற நேரத்துக்குக் காத்துக்கிடப்பேன். அவ ஒரு காரணம் சொல்லுத வரைக்கும் எனக்கு அந்த வியாதி இல்லைல்லா.

ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போகணும்னு அவதான் பிடிவாதம் பிடிச்சா. ஊருக்குத் தெரிஞ்சுபோவும்னு அம்மா குறுக்க விழுந்தா. மதினி அண்ணன்கிட்டப் போயி, தெருக் கடைசி வீட்டுக்காரரை எந்த டாக்டர் பாத்தான்னு கேட்டா. ஒருத்தரும் பாக்கலை, பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தாவ, அவ்வளவுதான். அண்ணன் சட்டையை மாட்டிக்கிட்டு வண்டி கூப்பிடப் போனான்.

ஆசுபத்திரியில பொம்பிளை டாக்டர் ஒருத்தர் இருந்தாவ. என்னைக் கண்ணை மூடிக்கச் சொல்லிட்டுத் தடிப்பு மேல பஞ்சால தடவுனாவ. எங்க தொடுதேன்னு கேட்டாவ, சரியாச் சொன்னேன். குண்டூசியால குத்துனாவ, ஆன்னு கத்திட்டேன். வெந்நியும் பச்சைத்தண்ணியும் வச்சுப் பாத்தாவ. முழங்கை நரம்பைத் தடவிப் பாத்தாவ. அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொன்னாவ, அந்த வியாதின்னா இந்த இடம் மரத்துப்போயிருக்கும், உனக்கு வலிக்கி, அரிக்கி, இது அது இல்லைன்னு. நான் அப்படியே பெஞ்சியில உக்காந்துட்டேன். மதினி விடலை. அப்போ எதுனாலன்னு கேட்டா. தோல் சிவந்து கெட்டிப்படுறதுக்கு எத்தனையோ உண்டு, பூச்சிக்கடி, படை, கட்டி, ஆனா இதைப் பாத்தா ஒத்துக்காத எதுவோ அந்த இடத்துலயே திரும்பத் திரும்பப் படுற மாதிரி இருக்கு, என்னன்னு வீட்டுல பாருங்கன்னு சொன்னாவ. மதினி இன்னும் கேட்டுக்கிட்டே நிக்க, வெளிய மத்தவங்க காத்திருக்காவம்மான்னு சொல்லி அனுப்பிவச்சாவ.

அதுக்குள்ள தடிப்பும் பாதி வாடிட்டு. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை வாங்கி நெஞ்சோட அணைச்சேன் பாருங்க, எனக்கு அப்போ வேற எதுவுமே வேண்டாம்போல இருந்துச்சு. அவன் சங்கை மறந்து ஒரு நிமிசத்துல பாலைப் பிடிச்சுக்கிட்டான். அம்மா முருகனுக்கு நேந்துக்கிட்டதை அப்பத்தான் வெளிய சொன்னா. பாயாசம் வச்சா.

அந்தச் சந்தோசம் ஒரு வாரம்கூட நிக்கலை. அதே இடத்துல திரும்பவும் சிவந்துட்டு. முன்னைவிடக் கெட்டியா, ஓரமெல்லாம் கொப்புளிச்சு. இந்தத் தடவை அம்மா வியாதியை விட்டுட்டு வேற ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டா. பிள்ளையை விட்டு விலகியிருந்தா ஆறுது, பிள்ளைகிட்ட வந்தா வருது, அப்போ பிள்ளை பிறந்த நட்சத்திரம் தாய்க்கு ஆகலைன்னா. அவ சொன்னதுல ஒரு கணக்கு இருந்துச்சுல்லா. விலகுனா ஆறத்தானே செஞ்சுச்சு.

என்னையும் பிள்ளையையும் கூட்டிப்போக மாமியார் வந்தது அந்தச் சமயம்தான். அவிய ஊர் கொற்கைப் பக்கம். கெட்டவிய கிடையாது, ஆனா எதையும் உடனே முடிவு பண்ணிருவாவ. கையைப் பாத்தாவ, அம்மா அழுதுக்கிட்டே நட்சத்திரக் கதையைச் சொன்னா. கொஞ்ச நேரம் வெத்திலையை மென்னுக்கிட்டிருந்தாவ. பிறகு சொன்னாவ, நீ இங்கன இருந்து உடம்பைத் தேத்திக்க, பிள்ளையை நான் கொண்டுபோறேன், என் மூத்த மக வளக்கட்டும், ரெண்டு பேரும் நல்லா இருந்தாச் சரின்னு. தூங்குற பிள்ளையை எடுக்கத் தொட்டில்கிட்டப் போயிட்டாவ. நான் எந்திரிச்சுத் தொட்டிலைக் கெட்டிப் பிடிச்சுக்கிட்டேன். குடுக்க மாட்டேன்னேன். மாமியார்கிட்ட நான் குரலை உசத்துனது அதுதான் முதல் தடவை. அம்மா என் கையை விலக்கப் பாக்கா, நான் விடலை.

அடுப்படியில இருந்து மதினி வந்தா. பிள்ளை காரணமா இருக்க மாட்டான், டாக்டரம்மா என்னமோ படுதுன்னு சொன்னாவல்லா, அதைப் பாப்போம்னா. மாமியார் முன்னால அவ வாய் திறந்ததே அன்னைக்குத்தான். என்னைப் பிடிச்சு உக்கார வச்சா. பிள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெயை மோந்தா. அவன் அரைஞாணைப் பாக்கச் சொன்னா, அவன் துணியை எடுத்துத் தன் முகத்துல தேச்சுப் பாத்தா. ஒண்ணும் இல்லை. அப்புறம் என்கிட்ட, எப்படித் தொட்டில் ஆட்டுவ, செஞ்சு காட்டுன்னா.

நான் வழக்கம்போலத் தொட்டிலுக்குப் பக்கத்துல சாஞ்சு உக்காந்தேன். இடது கையைத் தூக்கித் தொட்டில் சேலையோட முடிச்சுல கொடுத்து, அதுலயே சாத்திக்கிட்டு ஆட்டுனேன். அப்படியே கண்ணசந்துபோறதும் உண்டு. தடிப்பு இருந்த இடம் சரியா அந்த முடிச்சு மேல இருந்துச்சு.

மதினி முகம் செத்துப்போச்சு. முந்தானை நுனியைத் திருகிக்கிட்டிருந்த கை நின்னுட்டு.

"கையை எடு ஏளா"ன்னா.

பிள்ளையை என் மடியில வாங்கிக்கச் சொல்லிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து முடிச்சை அவுத்தா. சேலை மடிப்புக்குள்ள சின்னதா ஒரு துணிப்பொட்டணம். துணியெல்லாம் கறுப்பாக் கறை இறங்கி, தொட்டில் சேலையும் கறுத்திருந்துச்சு. மாமியார் கிட்ட வந்து பாத்தாவ. சேராங்கொட்டை. வண்ணார் துணிக்குக் குறி போடுதாவளே, அதே கொட்டை. அதோட பால் தோல்ல பட்டா வெந்து கொப்புளிச்சுரும்னு தெரியாதவங்க எங்க பக்கத்துல யாரு இருக்கா.

இதை யாரு வச்சதுன்னு மாமியார் கேட்டாவ. மதினி முக்காலியை விட்டு எந்திரிக்கலை. நான்தான்னு சொன்னா. சாத்தான்குளத்துப் பக்கம் கண்ணு படாம இருக்கத் தொட்டில்ல வைக்குறதாம். மெழுகை உருக்கி நல்லா அடைச்சுத்தான் வச்சேன், ஓட்டு வெக்கையில மெழுகு உருகிட்டுபோலன்னா.

"இந்த வீட்டுக்குள்ள யாரு கண்ணு படப்போவுது?"ன்னு மாமியார் கேட்டாவ.

மதினி அப்பத்தான் எந்திரிச்சா. அப்புறம் என்னைப் பாத்துச் சொன்னா.

"என் கண்ணுதான். பிள்ளையில்லாதவ கண்ணு பொல்லாதுன்னு எல்லாரும் சொல்லுதாவல்லா. எனக்கு அவனைப் பாக்காம இருக்க முடியலை ஏளா. அதான் கட்டுனேன்."

ஒரு காரியத்துலயும் ஊர் சொன்னதை ஒத்துக்காதவ, தன் விசயத்துல மட்டும் வேற காரணம் இருக்குமான்னு தேடிப் பாக்கவே இல்லை. அதை அப்படியே முழுங்கிட்டு, என் பிள்ளைக்குத் தன்கிட்ட இருந்தே காவல் கெட்டியிருக்கா. அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பொறாமைன்னு என் காதுல சொன்னவ அவதான.

முதல்ல பேசினது மாமியார்தான். அந்தப் பொட்டணத்தைக் குச்சியால எடுத்து வெளிய எறி, இந்தச் சேலையைத் தூர வை, மருமக கைக்குத் தேங்காய் எண்ணெய் போடுங்கன்னு வரிசையா உத்தரவு போட்டாவ. நட்சத்திரத்தைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடலை. பிள்ளையைத் தனியாக் கொண்டுபோற பேச்சும் அதோட போச்சு. என் கை ஆறுன பிறகு ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிப்போறேன், அதுவரைக்கும் நானும் இங்கன இருந்து மீன் திங்கேன்னு சொல்லிட்டு வெத்திலைப் பெட்டியைத் திறந்தாவ. நான் விட்ட மூச்சு வளவுக்கே கேட்டிருக்கும்.

மதினி கிணத்தடிக்குப் போயிக் கையைக் கழுவுனா, கழுவுனா, வரவே இல்லை. எனக்குக் கோவம் வந்துட்டு. யார்மேலன்னு இன்னைக்கும் சொல்லத் தெரியலை. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நானே கிணத்தடிக்குப் போனேன். உனக்குக் கூறு கெட்டுப்போச்சா மதினி, எந்திரி, கையைத் துடைன்னேன். ஈரம்ளான்னா. துடைன்னேன். முந்தானையில துடைச்சா. பிள்ளையை அவ கையில வச்சேன்.

அவ அப்படியே அந்தத் துவைக்கிற கல்லுல உக்காந்துட்டா. பிள்ளையை மடியில மலத்திப் போட்டுக்கிட்டு, முகத்தை அவன் முகத்துக்கு நேராக் கொண்டுபோயி, நெத்தி, புருவம், மூக்கு, காதுன்னு ஒவ்வொண்ணாப் பாத்தா. அவன் முழிச்சுக்கிட்டு அவ மூக்குத்தியைப் பிடிச்சு இழுத்தான். வலிச்சிருக்கும், ஆனா அவ கையை விலக்கலை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டா, வரலை. அண்ணன் வந்து பாத்துட்டு உள்ள போனான். சாயங்காலம் பிள்ளை பாலுக்கு அழுது, நான் ரெண்டு தடவை கேட்ட பிறகுதான் அவனை என்கிட்டத் தந்தா.